சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பழைய மினி லாரி: ஈரத்துணி வைத்துப் பார்த்தேன்

காலையில் காரைக்குடியில் சாவியைத் திருப்பியதும் பிடிக்கிற வண்டி, ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றிவிட்டு இருபது நிமிடம் கழித்துத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றும், பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் தானே ஓடும். சித்திரை வெயிலில் மூன்று தடவை இப்படி நின்றேன்.

பட்டறை அண்ணன், "பேட்டரிய மாத்திரு தம்பி" என்றார். மாற்றுமுன் மீட்டர் வைத்தேன். சூட்டில் செல்ஃப் சுற்றும்போதும் 10.4 வோல்ட், சுற்றும் வேகமும் காலையில் இருப்பதுதான். பேட்டரி மேல் தப்பில்லை. பம்பில் டீசலைத் திறந்து மூடும் சோலனாய்டுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தேன். 'டிக்' சத்தம் வந்தது, இன்ஜின் பிடிக்கவில்லை. டீசல் பம்புக்கு வரும் லைனில் உள்ளே தெரிகிற டியூப் ஒரு முழம் போட்டுப் பார்த்தேன். காற்றுக் குமிழி இல்லை.

அப்புறம்தான் சைலன்ஸரைக் கவனித்தேன். சுற்றும்போது வெள்ளைப் புகையே இல்லை. டீசல் சிலிண்டருக்குள் போயிருந்தால், எரியாவிட்டாலும் புகையாக வந்திருக்கும். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்குள் டீசல் தெளிப்பது) போகும் பைப் நட்டைத் தளர்த்திச் சுற்றினேன், சொட்டுத்தான் விழுந்தது.

சந்தேகம் பம்பு மேல் விழுந்தது. இது ரோட்டரி பம்பு. உள்ளே சுழலும் ரோட்டருக்கும் அதைச் சுற்றியிருக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தேய்ந்து அது கூடியிருந்தாலும் டீசல் கெட்டியாக இருக்கும்வரை சமாளிக்கும். 40 டிகிரியில் உள்ள கெட்டித்தன்மை 80 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். செல்ஃப் வேகத்தில் அழுத்தம் ஏறாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும். வண்டியை நிறுத்தினால் ஃபேனும் நின்று, இன்ஜின் சூடு பம்பில் ஏறுகிறது. ஓடும்போது வராத கோளாறு நிறுத்தியதும் வருவது அதனால்தான்.

அடுத்த லோடில் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, பத்து நிமிடம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். ஒரே சுற்றில் பிடித்தது! தானே ஆறியிருக்குமோ என்று மறுநாள் துணி இல்லாமல் அதே பத்து நிமிடம் காத்திருந்தேன். பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் துணியோடு மறுபடி பிடித்தது. (வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், பம்பு இறுகிவிடலாம்.)

திரும்ப அதே நிலையில் மாட்ட டைமிங் குறி போட்டு, பம்பைக் கழற்றி, பம்பைச் சோதித்துச் சரிசெய்யும் கேலிபரேஷனுக்குக் கொடுத்தேன். ரோட்டரில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல். ஹெட்டும் ரோட்டரும் புதிதாகப் போட்டார்கள்.

நேற்று ஆத்தங்குடியில் மத்தியானம், லோடு ஏற்றி அரை மணி நேரம் கழித்துத் திருப்பினேன். இரண்டு சுற்றில் பிடித்தது. காலையில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் புகை இருக்கிறது. அதற்கு இன்ஜெக்டர் முனையில் உள்ள நாசில்கள் காரணமா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கழற்றுகிறேன்.