அந்த வீடியோவை அனுப்பி அனுப்பிச் சிரிப்பவர்களுக்கு

எங்கள் அண்ணன் தெருக்கூத்தில் துரியோதனன் வேடத்தில் பாட்டை மறந்து நிற்கிற வீடியோ எனக்கும் வாட்ஸப்பில் வந்தது. ‘தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு எதற்குக் கூத்து?’ என்று கீழே ஒருவர்.

சரி, படிக்கத் தெரியாதுதான். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறார். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் நம்மில் பாதிப் பேர் கோயிலில் தேவாரம் பாடுவது எப்படியாம்?

1860-இல் ட்ரூரோ கப்பல் வந்த நாள் தொட்டு, மதராஸிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த கூலிகளோடு சேர்ந்து வந்த தெருக்கூத்து இது. இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் வாங்கியும் பிழைத்துக் கிடக்கிறது. தமிழ் எழுத்து கைவிட்டுப் போன வீடுகளிலும் காதால் கேட்டே பாட்டைப் பிடித்து வைத்தார்கள். அண்ணன் தன் அப்பாவுக்குப் பின்பாட்டுப் பாடி வளர்ந்தவர்.

அன்று நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். விடிகிற நேரம். மிருதங்கம் வாசித்த பையனுக்குக் கண் சொக்கித் தாளம் தப்பியது. அண்ணன் அவனை முறைக்கவில்லை. தோளில் கட்டிய புஜக்கட்டை ஆட அவன் பக்கம் திரும்பி, சலங்கைக் காலைத் தரையில் தட்டித் தட்டித் தாளம் எடுத்துக் கொடுத்தார். பையன் பிடித்துக்கொண்டான், அண்ணனுக்கு வரி நழுவியது. வீடியோ எடுத்த புண்ணியவான் இடுப்புக்கு மேலேதான் எடுத்திருக்கிறார்!

ஞாயிறு மதியம் சாட்ஸ்வொர்த்தில் ஒத்திகை. கிரீடத்தில் கண்ணாடித் துண்டு ஒட்ட ஆள் போதவில்லை. சிரித்தவர்களும் வரலாம், பசை நாங்கள் தருகிறோம்.