வாக்கர், ஃபுல்லர், டக்கர்: மூணும் ஒரே வேலை

இங்கிலீஷ்காரங்க சர்நேம்ல ஸ்மித்னா கொல்லர், டெய்லர்னா தையக்காரர்னு பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு ரொம்பப் புடிச்சது வாக்கர், ஃபுல்லர், டக்கர், ஏன்னா மூணுமே ஒரே வேலை செஞ்சவங்க பேரு.

தறியிலேர்ந்து எறக்குன கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது, இழை இழையா லூசா இருக்கும், ஆட்டு முடியோட பிசுக்கு வேற. அதைத் தொட்டியில போட்டு தண்ணி, ஒரு வகைக் களிமண்ணு, நாள்பட்ட மூத்திரம் எல்லாம் ஊத்தி மணிக்கணக்கா கால்ல மிதிப்பாங்க (மூத்திரம் எதுக்குன்னா அதுல இருக்கற அம்மோனியா பிசுக்கை எடுத்துடும்). மிதிக்க மிதிக்க துணி சுருங்கி, இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி கெட்டியாயிடும், அப்புறம் மரச்சட்டத்துல கொக்கி மாட்டி இழுத்துக் கட்டி காய வைப்பாங்க. இப்படி மிதிச்சவருக்கு இங்கிலாந்தோட வடக்கயும் நடுப்பகுதியான மிட்லாண்ட்ஸ்லயும் வாக்கர்னு பேரு, தென்கிழக்குல ஃபுல்லர், தென்மேற்குல டெவன் பக்கம் டக்கர். டெவன்ல இருக்கற எக்ஸீட்டர் ஊர்ல 1471ல கட்டுன டக்கர்ஸ் ஹால் இன்னிக்கும் நிக்குது, துணித் தொழில்காரங்க சங்கத்தோட கட்டடம் அது.

12ஆம் நூற்றாண்டு கடைசியிலயே தண்ணியில ஓடற மில்லு வந்து மரச் சுத்தியல் துணியை அடிக்க ஆரம்பிச்சிடுச்சு, சாதாரண ஜனங்களுக்கு சர்நேம் பரம்பரையா நிலைச்சது பெரும்பாலும் அதுக்கப்புறம்தான். அதனால வாக்கர்னு பேரு வாங்குன நிறைய பேரு கால்ல மிதிச்சே இருக்க மாட்டாங்க, ஆனா பழைய வேலையோட பேரு விடவே இல்ல.

1377, 1379, 1381னு மூணு தடவை தலைவரி (ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கற வரி) போட்டப்ப எழுதுன லிஸ்ட்ல இந்த மாதிரி தொழில் பேரு ஏகப்பட்டது கெடக்கு. மூணாவது வரிக்குத்தான் ஜனங்க கொதிச்சு எழுந்தாங்க, அதுக்குத் தலைமை தாங்குன வாட் டைலர் பேருலயே ஓடு வேயற வேலை இருக்கு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். வெப்ஸ்டர், பாக்ஸ்டர், ப்ரூஸ்டர் இதுல கடைசில வர்ற "ஸ்டர்" ஆதியில பொம்பளைங்களுக்கு உண்டானது, அதாவது நெய்யறவ, ரொட்டி சுடறவ, பீர் காய்ச்சறவ. பின்னாடி ஆம்பளைங்களுக்கும் அதையே சொல்ல ஆரம்பிச்சதால ஒவ்வொரு வெப்ஸ்டர் குடும்பத்துக்கும் மூலம் ஒரு பாட்டிதான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனாலும் அப்பன் பேரா எறங்கி வந்த பேருக்குள்ள பொம்பளைங்க உழைப்பு இருக்குங்கறது எனக்கு பெரிய விஷயமாப் படுது. ஒரு தறிக்கு நூல் குடுக்க பல பேரு ஒக்காந்து நூக்கணும், அந்த வேலையை செஞ்சது பெரும்பாலும் பொம்பளைங்கதான், ஆனா அவங்களோட ஸ்பின்ஸ்டர்ங்கற பேரு மத்தது மாதிரி சர்நேமா பெருகல. கல்யாணமாகாதவங்கற அர்த்தத்துக்குப் போயிடுச்சு, இங்கிலாந்து கல்யாண ரெஜிஸ்டர்ல 2005 வரைக்கும் பொண்ணு பேருக்கு நேரா அப்படித்தான் எழுதிட்டு இருந்தாங்க.