கமில் க்ளோடெல்லோட க்ளோத்தோ: களிமண்ல செய்யறேன், நூல் சிக்கு வரைக்கும் வந்தாச்சு

கிரேக்கப் புராணத்துல மனுஷங்க விதி மூணு சகோதரிகள் கையில இருக்கு. க்ளோத்தோ உயிர்நூலை நூப்பா, லாக்கெசிஸ் அளப்பா, அட்ரோபோஸ் அறுத்துடுவா. பிரெஞ்சுப் பெண் சிற்பி கமில் க்ளோடெல் 1893ல பாரிஸ் கண்காட்சியில வச்ச க்ளோத்தோ ஒட்டி உலர்ந்த ஒரு கிழவி, தொங்கிப்போன மார்பு, உடம்புல துணி கிடையாது, தான் நூத்த நூல்லயே தலையிலேருந்து சிக்கிக்கிட்டு நிக்கிறா. இதைச் செய்யும்போது கமிலுக்கு முப்பது வயசுகூட ஆகலங்கறதை இன்னும் என்னால நம்ப முடியல. பிளாஸ்டர் சிலை பாரிஸ்ல, அதே காலத்து சிற்பி ரோடின் பேர்ல இருக்கற மியூசியத்துல இருக்கு, கிட்டத்தட்ட 90 செ.மீ உயரம், நான் 30 செ.மீ அளவுல பண்றேன்.

உள்ள அலுமினியம் கம்பி, அதுமேல ஃபாயில் சுத்தி, அப்புறம் காயாத ஆயில் களிமண். விலா எலும்பை கோடு கீறிக் காட்டாம ஒவ்வொண்ணா திரிச்சு ஒட்டி, அதுமேல களிமண்ணை வெத்தலை கனத்துக்குத் தட்டிப் போர்த்தி கட்டைவிரலால லேசா நீவிவிட்டேன், எலும்புக்கு நடுவுல தோல் தானா உள்ள வாங்கிருச்சு, அந்த இடம் அவ்ளோ அழகா வந்திருக்கு!

முகத்தைவிட முக்கியம் அந்த சிக்குதான். தலைமுடியா நூலான்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாது. மெல்லிசு கம்பி மேல களிமண் உருட்டி ஒவ்வொரு புரியா தலையில ஏத்த ஏத்தத்தான் கழுத்து ஏன் அப்படி ஒரு பக்கமா சாயுதுன்னு பிடிபட்டுச்சு, ஃபோட்டோல பார்த்தா அசதி மாதிரி தெரியும், அது அசதியே இல்ல, அவ்ளோ பாரத்தையும் தாங்கிட்டு விழாம நிக்கிறா. மரியா கைராங்கற அதே வயசான மாடலை ரோடின் தலை குனிஞ்சு உட்கார்ந்த மாதிரி பண்ணியிருக்கார், கமில் அவங்களை எழுப்பி நிக்க வச்சிருக்காங்க. எனக்கு கமிலோடதுதான் பெருசு. இதையே மார்பிள்லயும் செதுக்கியிருக்காங்க, அந்தச் சிலை காணாமப் போயிடுச்சு, நினைச்சாலே வயிறெரியுது.

அடுத்து நூலைப் பிடிச்சிருக்கற விரல்கள். அப்புறம் அச்சு எடுக்கணும், இவ்ளோ இடுக்கு இருக்கறதால பிளாஸ்டர் அச்சு சரிவராது, சிலிக்கான்தான். சிக்கை மட்டும் தனியா கழட்டி அச்செடுக்கற மாதிரி நெத்தி ஓரத்துல ஒரு ஜாயின்ட் விட்டிருக்கேன், இந்த மாதிரி ரெண்டு பாகமா வார்த்தவங்க யாராவது இருந்தா எப்படி ஒட்டுனீங்கன்னு சொல்லுங்க.