குறுவைக் கொள்முதல் நேரத்து மன அழுத்தம்: நாங்கள் கடந்து வந்த வழி

குறுகிய காலப் பயிரான குறுவை நெல்லின் அறுவடை முடியும்போதே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். மன்னார்குடி, ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி என எந்தப் பக்கம் போனாலும் ஐப்பசியில் விவசாயிகளிடம் நெல் வாங்கும் அரசு கொள்முதல் நிலையக் களம் நெல்லால் நிறைந்து கிடக்கும். பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர் என்று இருக்கிற சில பேர்தான் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். லாரி, சாக்கு, மழை மூன்றும் அவர்கள் கையில் இல்லை. வேலைப் பளுவைக்கூடத் தாங்கிவிடலாம். கையில் இல்லாததற்குத் திட்டு வாங்குவதுதான் ஆளை உருக்குகிறது. அதனால் கைக்குள் இருப்பதை முதலில் ஒழுங்கு செய்தோம்.

தகராறு பெரும்பாலும் ஈரப்பதத்தில்தான் தொடங்கும். அரசு தளர்வு அறிவிக்காத வரை, வாங்கும் நெல்லில் ஈர வரம்பு 17 சதவீதம். குவியலின் மேலாக அள்ளிப் பார்த்தால் குறைவாகக் காட்டும், அடியில் கூடுதலாக இருக்கும். வெயிலில் கிடந்த நெல்லைச் சூடு ஆறாமல் ஈரப்பதமானியில் போட்டாலும் அளவு பிசகும். குவியலில் நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் ஆறவிட்டு, மூன்று முறை சோதித்து, மூன்று எண்ணையும் பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள். "அண்ணே, நீங்களே பாருங்க" என்று மானியை விவசாயி பக்கம் திருப்பிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். காத்திருக்கும் வரிசையையும் அதே பலகையில் எழுதிவிட வேண்டும். "என் முறை எப்போ?" என்ற கேள்வியை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பதே ஒரு தனிக் களைப்பு.

தூக்கத்தைக் கெடுப்பது எடைக்குறைவு, அதாவது வாங்கியபோது இருந்த எடை லாரியில் ஏற்றும்போது இல்லாமல் போவது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பயம் தெளியும். 17 சதவீத ஈரத்தில் எடுத்த 40 கிலோ சிப்பத்தில் (நெல் மூட்டையில்) காய்ந்த பொருள் 33.2 கிலோ. லாரி வராமல் களத்திலேயே கிடந்து ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்கினால் அதே சிப்பம் ஏறத்தாழ 38.6 கிலோதான் நிற்கும். ஆயிரம் சிப்பத்துக்கு 1,400 கிலோ காற்றோடு போய்விடும், யாரும் திருடவில்லை. இதைக் கடைசி நாளில் வாயால் விளக்கினால் எடுபடாது. வாங்கிய தேதி, அன்றைய ஈரம், லாரி கேட்ட தேதி, வந்த தேதி ஆகியவற்றை அன்றன்று சாயங்காலமே நோட்டில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். எழுதிவிட்டால் இரவில் மனசு அதையே திரும்பத் திரும்பக் கூட்டிக் கழிக்காது.

உடம்பு விஷயத்தில் பலரும் தவறுவது டீயில். குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும் காஃபீனில் பாதியளவு உடம்பில் இருக்கும். பிற்பகல் 3 மணிக்கு மேல் மோர் போதும். காவலரோடு பேசி இரவு முறையைப் பிரித்து, தொடர்ந்து ஆறு மணி நேரமாவது படுங்கள். விட்டுவிட்டுத் தூங்கும் எட்டு மணி நேரம் அதற்கு ஈடாகாது. கோபம் ஏறும்போது மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடலாம்; வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். வேகவேகமாக இழுத்து விட்டால் தலைதான் சுற்றும். சண்டைக்கு நடுவில் முதல் தடவை முயன்றால் வராது. காலையில் களம் திறக்குமுன் ஐந்து நிமிடம் பழகியிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடங்காததும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் பற்றில்லாமல் இருந்தால் பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். வேலை நேரம், புகையிலை, குடி எதையும் மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவருக்குப் பிடிபடும். சாக வேண்டும் போலத் தோன்றினால் அன்றைக்கே பேசிவிட வேண்டும். உடன் வேலை செய்பவரும் அப்படி இருப்பவரைத் தனியே விடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.