"தேங்காய் ஆர் பறிக்கினம்?"

காணி வழக்குப் பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிக்குப் பழகிப்போன வசனம் ஒன்று உண்டு: "தம்பி, நான் விக்கேல்லை. காசு வாங்க எழுதிக் குடுத்தனான்."

நான் கனிஷ்ட சட்டத்தரணியாக இருந்த முதல் வருடம் அதைச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஒரு வயதான அம்மா. மகனை வெளிநாடு அனுப்பக் கடன் பட்டிருக்கிறார். காசு தந்தவர் ஈட்டு உறுதி (அடமானம்) சரிவராது, அறுதிதான் (முழு விற்பனை உறுதி) வேண்டும் என்று நின்றிருக்கிறார். காசைத் தந்தால் திருப்பி எழுதித் தருவதாக வாய்ச்சொல். இரண்டு பரப்புக் காணி நொத்தாரிசு முன்னால் கைமாறிவிட்டது. இப்போது காசோடு போனால், "விலைக்கு வாங்கின காணி" என்கிறார்.

வழக்குரையில் நான் அந்த வாய்ச்சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். சீனியர் பந்தியைக் குறுக்காக வெட்டினார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இருக்கிறதே. திருப்பி எழுதித் தருவேன் என்பதும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டிருந்தால்தான் செல்லும்.

"அதை விடும். தேங்காய் ஆர் பறிக்கினம் எண்டு கேட்டனீரோ?"

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் (ட்ரஸ்ட்) கட்டளைச் சட்டத்தில் 83ஆம் பிரிவைப் புரட்டிய பிறகுதான் கேள்வி விளங்கியது. ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்திருந்தாலும், சூழ இருந்த நிலைமைகளைப் பார்க்கும்போது அதன் பயனுரித்தையும் (அனுபவிக்கும் உரிமையையும்) விட்டுவிட நினைத்தார் என்று கொள்ள முடியாவிட்டால், வாங்கியவர் அதை எழுதினவருக்காகவே வைத்திருக்க வேண்டும். இருவரும் கூடி உண்டாக்கிய பொறுப்பல்ல இது. வாங்கியவர் தலையில் சட்டம் சுமத்துவது. அதனால் நிலைமைகளை வாய்மொழிச் சாட்சியத்தாலும் காட்டலாம். காணி யார் கையில் (தேங்காய்க் கேள்வி இதற்குத்தான்), விலை பெறுமதிக்குக் கிட்டவாவது வருகிறதா, முத்திரைச் செலவும் நொத்தாரிசு கூலியும் யார் கட்டினார்? சாதாரண விற்பனையில் வாங்குபவர்தான் கட்டுவார். திசா நோனா எதிர் பிரேமதாச வழக்கிலும் இந்தக் கேள்விகள்தான் எடைபோடப்பட்டன.

படிக்கிற காலத்தில் கொடுத்தவருக்கே பயன் திரும்பும் 'ரிசல்டிங் ட்ரஸ்ட்' வேறு, நீதிக்காகச் சட்டம் சுமத்தும் 'கொன்ஸ்ட்ரக்டிவ் ட்ரஸ்ட்' வேறு என்று ஆங்கிலச் சட்ட வகைப்பாட்டை மனப்பாடம் செய்திருந்தேன். நம்முடைய 9ஆம் அத்தியாயம் இரண்டையும் ஒரே பெயருக்குள் போட்டுவிட்டது. காசு ஒருவர் கொடுக்க, உறுதி இன்னொருவர் பெயரில் முடிந்தால் 84. கூட்டுரித்தாளர் தன் நிலையைப் பயன்படுத்தி மற்றவர்களை முந்தி இலாபம் எடுத்தால் 90. எதிலும் அடங்காததற்கு 96. பரீட்சைக்கு அந்தப் பாகுபாடு உதவியது, மன்றில் எந்தப் பிரிவு என்றுதான் கேட்கிறார்கள். இந்தியத் தீர்ப்புகளை எடுக்கும்போது மட்டும் கவனம்: அங்கே 83, 84க்கு இணையான பிரிவுகள் 1988 பினாமிச் சட்டத்தோடு போய்விட்டன.

எனக்கு அந்த வழக்கில் பயம் தந்தது 98ஆம் பிரிவு. விஷயம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிவிட்டால், காணியை அவரிடமிருந்து எடுக்க முடியாது. காணி பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வந்துபோனதாகக் கதை வேறு. வழக்கைத் தாக்கல் செய்த கையோடு, காணி வழக்கில் கிடக்கிறது என்று வாங்க வருபவருக்குக் காட்டும் வழக்கு நிலுவை அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதிய ஓடினேன்.

அப்புறம் அம்மாவை மறுபடி கூப்பிட்டுத் தேங்காய்க் கதையைக் கேட்டேன். பையிலிருந்து சோலைவரி (உள்ளூராட்சிச் சொத்து வரி) பற்றுச்சீட்டுகளை எடுத்துப் போட்டார். எல்லாம் உறுதி முடிந்த பிறகு அவர் கட்டியவை. கடைசியாக வந்தது நொத்தாரிசு கூலிக்கான துண்டு.

"இதுவும் வேணுமோ தம்பி? எறிய நினைச்சனான்."