விலங்கியல் சேரின் புழுக் கொப்பி

எங்கள் காலத்தில் உயர்தரத்தில் விலங்கியல் படித்தவர்களுக்கு, ஆய்வுகூட யன்னலோரம் நின்ற ஹோர்லிக்ஸ் போத்தல்கள் மறந்திராது. வாயை நுளம்புவலைத் துண்டால் கட்டியிருக்கும். உள்ளே கறிவேப்பிலைக் கொப்பும் புழுவும். ஊசி குத்திக் காயவைத்த வண்ணத்துப்பூச்சி ஒன்றைக்கூடச் சேர் வைத்திருந்ததில்லை. "செத்ததுக்குப் பேர் வைக்கலாம். அது சின்னனிலை என்னத்தைத் திண்டது எண்டு சொல்லு பாப்பம்" என்பார்.

அந்தப் பிடிவாதத்தின் வேர் பிரெடரிக் மூரின் கதையில் இருந்தது. மூர் 1848இல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பனியின் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1879 வரை அங்கேயே வேலை செய்தவர். அடுத்த ஆண்டு தொடங்கி 1887 வரை 'த லெப்பிடொப்டெரா ஒஃப் சிலோன்' (இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்) என்ற நூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். வண்ணப்படத் தகடுகள் மட்டும் 215. வண்ணத்துப்பூச்சி முதல் தொகுதியோடு முடிந்துவிடும். மற்ற இரண்டும் அந்துப்பூச்சிக்கே. நாங்கள் விளக்கடியில் கையால் தட்டிவிடும் சாம்பல் நிறப் பூச்சிகளுக்கு இரண்டு தொகுதியா என்று வாயைப் பிளந்தோம்.

சேருக்கு மூரைவிடப் பிடித்தது பேராதனைப் பூந்தோட்டத்து ஓவியர் குடும்பம். தோட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த துவெயிட்ஸ், பூச்சிகள் புழுவாயும் கூட்டுப்புழுவாயும் மாறுவதை உயிரோடு பார்த்து வரையச் செய்தார். வரைந்தவர்கள் தோட்டத்து ஓவியர் ஹர்மானிஸ் த அல்விஸின் மக்கள், வில்லியமும் ஜோர்ஜும். மூரின் நூலுக்கு உயிர் தந்தவை அந்தப் படங்கள்தான், அட்டையில் இருப்பதோ மூரின் பெயர் மட்டும் என்று சேர் சூடாகவே சொல்லுவார். அதில் கொஞ்சம் அநியாயமும் உண்டு. மூர் உட்கார்ந்து இனம் பிரித்து எழுதியிராவிட்டால் அந்தச் சித்திரங்கள் எந்த அலுமாரியில் கிடந்திருக்குமோ. ஆனால் பதினேழு வயதில் நாங்கள் எல்லாரும் அல்விஸ் கட்சி.

ஆளுக்கொரு புழு தந்து, தினமும் கொப்பியில் கீறச் சொல்லுவார். கறிவேப்பிலையிலும் தேசியிலும் வளரும், பொலிட்டஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு முதலில் காக்கை எச்சம் மாதிரியே கிடக்கும். கடைசித் தோலுரிப்போடு பச்சையாகிவிடும். பென்சிலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய் இரண்டு கொம்பு நீளும். நாற்றம் மூக்கைப் பிடுங்கும். பிறகு ஒரு நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு சாய்ந்து கூட்டுப்புழுவாகும். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வரும் பெண்கள் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று ஆணைப் போல. இன்னொன்று கறுப்புச் செட்டையில் சிவப்புப் புள்ளியோடு, ஆடுதின்னாப்பாளைச் செடி தின்று நஞ்சேறிய ஹெக்டர் என்ற வேறு வண்ணத்துப்பூச்சியைப் போல. ஹெக்டரைத் தின்று வாய் கைத்த குருவி இதையும் விட்டுவிடும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? செட்டையைப் பார்க்காதே, உடம்பைப் பார் என்பார் சேர். ஹெக்டரின் உடம்பு சிவப்பு. வேஷக்காரியின் உடம்பு கறுப்பு.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்த இரவுகளில் வந்து விழும் அந்துப்பூச்சிகளையும் காலையில் அவரிடம் விபரிக்கவேண்டும். அலரி தின்று வளரும் பச்சைப் பருந்து அந்துப்பூச்சி ஒன்று எங்கள் வீட்டு விளக்கடிக்கு வந்ததைச் சொன்னபோது, "செட்டையின்ரை அடிப்பக்கம் பாத்தனியோ?" என்றுதான் கேட்டார். படித்தனியோ என்று கேட்கவில்லை. இந்தப் புழுவெல்லாம் சோதினைக்கு வருமா என்று பெற்றோர் சிலர் முறையிட்டதும் உண்டு. வராது என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்தக் கொப்பிகளில் பல இடப்பெயர்வில் போய்விட்டன. சிட்னியில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன்னுடையதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள், பொலிட்டஸ் பக்கத்தில் சேரின் சிவப்பு மையும் இருக்கிறது: "கால் எத்தனை? திரும்ப எண்ணு." வேறு யாரிடமாவது இருந்தால் படமெடுத்துப் பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். புழுப் பக்கங்கள் போதும். தவளை வெட்டின பக்கங்கள் வேண்டாம்.