ஒட்டி நிற்கும் இரண்டு கமா

ஜூன் 10, செவ்வாய்

திருநெல்வேலி மாவட்ட மலையில் மழை தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் மழை அளவு வர ஆரம்பித்துவிட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய நாலு இடத்து அளவையும் நாளுக்கு ஒரு வரியாகச் சேர்த்து, பட்டியலாக்கி அனுப்பும் பொறுப்பை இந்த வருடம் நான் எடுத்துக்கொண்டேன். சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயை நம்பி கார் நெல் போடுகிற சொந்தக்காரர்களுக்காக. பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மலைமேல் எங்கே எவ்வளவு பெய்தது என்பதைத்தான் காலையில் எழுந்ததும் கேட்பார்கள்.

வரி இப்படி இருக்கும்: 23,,31,34. எல்லாம் மில்லிமீட்டர். ஊர்ப்பெயர் கிடையாது, எத்தனையாவது இடம் என்பதை வைத்துத்தான் ஊர். காக்காச்சி அளவு வராத நாளில் இரண்டு கமா ஒட்டி நிற்கும்.

ஜூன் 11, புதன்

மாமா போன் செய்தார். “மருமவனே, காக்காச்சியில மழை இல்லியா, இல்ல அளவு வரலியா?”

கேள்வி என்றால் இதுதான் கேள்வி. மழை இல்லை என்றால் சைபர். அளவு வரவில்லை என்றால் காலி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பட்டியல் போட்டே பிரயோஜனம் இல்லை.

பட்டியலை ஒரு ப்ரோகிராம் எழுதித்தான் போடுகிறேன். அதனால் இன்று வரியைத் துண்டாக வெட்டும் ஸ்ப்ளிட் கட்டளையை மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். பைத்தான் மொழியில் கமாவைக் கொடுத்து வெட்டினால் அந்த வரி நாலு துண்டாக வருகிறது, இரண்டாவது துண்டு காலி ஸ்ட்ரிங், அதாவது ஒரு எழுத்தும் இல்லாத துண்டு. அதுதான் சரி. சி மொழியில் இதே வேலைக்கு இருக்கும் ஸ்ட்ர்டாக் அப்படி இல்லை, ஒட்டி நிற்கும் டிலிமிட்டர்களை (பிரிக்கும் குறிகளை) ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மூன்றே துண்டு கிடைக்கும். நாலுமுக்கில் பெய்த 31 காக்காச்சிக்குப் போகும், ஊத்தின் 34 நாலுமுக்குக்கு வரும், ஊத்துக்கு ஒன்றும் இருக்காது. எரர் எதுவும் வராது என்பதுதான் இதில் பயங்கரம்.

ஜாவா நடுவில் இருக்கும் காலியை விட்டுவைக்கும், கடைசியில் இருப்பதைத் தூக்கிப்போட்டுவிடும். ஊத்து அளவு வராத நாளில் மூன்று துண்டுதான். அதிகபட்சம் எத்தனை துண்டு என்று சொல்லும் லிமிட் இடத்தில் மைனஸ் ஒன்று கொடுத்தால் காலியும் தங்கும். இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கமாவுக்குப் பதில் இடைவெளி போடலாமே என்று அத்தான் கேட்டார். வேண்டாம். பைத்தானில் எதுவும் கொடுக்காமல் ஸ்ப்ளிட் செய்தால் எத்தனை இடைவெளி சேர்ந்து இருந்தாலும் ஒன்றாகவே பார்க்கும். வாக்கியத்தைச் சொல்லாகப் பிரிக்க அது அருமை, இந்த வரிக்கு ஆகாது.

ஜூன் 13, வெள்ளி

காலையில் வந்த வரியின் கடைசியில் ஒரு குறிப்பும் இருந்தது: “மானி பழுது, ஆள் போகவில்லை”. குறிப்புக்குள்ளேயே கமா! முறைப்படி சிஎஸ்வி (கமாவால் பிரித்து எழுதும் வடிவம்) என்றால் இப்படிப்பட்ட துண்டை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். அந்த வடிவத்தை விளக்கி 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் அதைத்தான் சொல்கிறது, பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலும் அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் மலையிலிருந்து போனில் தட்டி அனுப்புகிறவரிடம் மேற்கோள் போடுங்கள் என்று கேட்க எனக்கு மனசில்லை. குறிப்பு எப்போதும் கடைசியில்தான் வருகிறது, ஆகவே நாலு வெட்டு போதும் என்று பைத்தானிடம் சொன்னால் மிச்சம் முழுவதும் ஐந்தாவது துண்டாக அப்படியே நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இதே நினைப்பில் லிமிட் கொடுக்கக் கூடாது. அங்கே லிமிட் என்பது துண்டுகளின் எண்ணிக்கை, மிச்சத்தை அது வீசிவிடும். ஐந்து என்று கொடுத்தால் “மானி பழுது” மட்டும் வரும், ஆள் போகாத சேதி காணாமல் போகும்.

ஜூன் 15, ஞாயிறு

வெட்டியதோடு வேலை முடியவில்லை. துண்டை எண்ணாக மாற்ற வேண்டுமே. காலி ஸ்ட்ரிங்கை எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் முடியாது என்று எரர் காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் எண்ணாக்கும் நம்பர் கட்டளை அதையே சைபர் ஆக்கிவிடும். பத்திரமாகக் காப்பாற்றிய காலி இடம் அங்கே “மழை இல்லை” என்று மாறிப்போகும்.

ஆகவே மாற்றுவதற்கு முன்பே காலியா என்று பார்க்க ஒரு இஃப் நிபந்தனை போட்டேன். காலி என்றால் பட்டியலில் “வரவில்லை” என்று அச்சாகும், கூட்டுத்தொகையில் சேராது. மாமாவுக்கு அனுப்பியாயிற்று. அடுத்து சேர்வலாறு அணை வரியையும் சேர்க்க வேண்டும்.